கையெழுத்தில்லாத இணைப்பு

அத்தியாயம் பதினொன்று

சிவரூபினியின் போனைத் திருத்தக் கொடுத்திருப்பதாகத் துஷாந்தன் சொல்லி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. எந்தக் கடையில் என்று அவள் இரண்டாம் முறை கேட்டபோது, "நீர் என்னை நம்பேல்லையோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அதே வாரம் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்ட்டும் மாறியது.

கோலியர்ஸ் வுட்டில், ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன பிளாட்டில் அவளுக்கென்று மிஞ்சியது திரையும் கமெராவும் உள்ள ஒரு பழைய ஐபாட் மட்டும்தான். துஷாந்தனின் அண்ணன் பாலேந்திராவின் மகள் தர்மிகா, பள்ளிக்கூடக் காலத்தில் தான் பாட்டுக் கேட்டதைச் சித்திக்குக் கொடுத்திருந்தாள். துஷாந்தன் அதைக் கையில் வாங்கி, சிம் போடும் இடம் இருக்கிறதா என்று விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தான். இல்லை. "பாட்டுத்தானே, கேளும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அவளுக்குப் பாட்டு வேண்டியிருக்கவில்லை. கடைசியாகக் கதைத்தபோது, சாவகச்சேரியில் அம்மா நெஞ்சு வருத்தத்தோடு படுத்திருந்தார். போன கிழமை தர்மிகா தன் போனை நீட்டியபோது, மனப்பாடமாயிருந்த ஒரே இலக்கத்துக்கு, அம்மாவின் இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தம்பி லதீசனின் இலக்கம், திருத்தப் போன போனோடு போய்விட்டது. வேறு வழி யோசிக்குமுன் துஷாந்தன் வரும் நேரமாகிவிட்டது.

"ஒவ்வொரு முறையும் நான் வருமட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது சித்தி" என்று தர்மிகா அன்றைக்குச் சொன்னாள். "உங்களிட்டையே ஒண்டு இருக்கவேணும். சித்தப்பாவுக்குத் தெரியாமல். நான் ஏதாவது செய்யுறன்."

இன்றைக்கு யூனிவர்சிட்டிக்குப் போகும் வழியில் சித்திக்குச் சாப்பாடு கொடுக்கிறேன் என்று, சட்டன் பக்கத்திலுள்ள வீட்டை விட்டு வெளிக்கிட்டவள், நேரே டூட்டிங் சந்தைக்குப் போய், போன் திருத்தும் கடை ஒன்றின் முன்னால் நின்றாள்.

கடையில் இருந்தவன் விஷால். மதுரைப் பக்கம். ஐபாட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"இதை இன்னும் யாருங்க வெச்சிருக்காங்க?"

"என்ர சித்தி. இதுக்கு இன்டர்நெட் வேணும். ஆனா வீட்டு வைஃபை பாவிக்க ஏலாது."

"போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாமே?"

"அவவிட்ட போன் இல்லை."

விஷால் ஐபாட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். பிறகு கண்ணாடி அலமாரிக்குள் கையை விட்டு, சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தான்.

"இது பாக்கெட் வைஃபை. உள்ள ஒரு டேட்டா சிம் போட்டுடுவேன். இந்த பட்டனை அமுக்கினா இதுவே வைஃபை குடுக்கும். உங்க ஐபாட் அதைப் பிடிச்சுக்கும். கான்ட்ராக்ட்ல எடுத்தா மாசாமாசம் கம்மியாதான் வரும். பேங்க் அக்கவுண்ட், அட்ரஸ், ஒரு கையெழுத்து..."

"கொன்ராக்ட் வேண்டாம்." தர்மிகா அவசரமாகச் சொன்னாள். "அவவுக்கு பேங்க் அக்கவுண்ட் இல்லை. கையெழுத்தும் வேண்டாம். வீட்டுக்கு ஒரு பில்லோ கடிதமோ வரக்கூடாது."

"அப்ப பே-அஸ்-யூ-கோ சிம் போடுறேன். முன்னாடியே டாப்-அப் பண்ணிக்கலாம். தீர்ந்தா நின்னுடும், அவ்வளவுதான். யார் பேரும் எதுலயும் இருக்காது." அவன் சிம்மைச் செருகிக்கொண்டே பேசினான். "வாட்ஸ்அப் இதுல வராது. அதுக்கு போன் நம்பர் வேணும். மெசஞ்சர் வரும். வீடியோல பேசலாம்."

பெட்டியின் முகப்பில் நீல வெளிச்சம் ஒன்று எரிந்தது. விஷால் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இந்த லைட்டு தூரத்துல இருந்தே தெரியும்ங்க. மேல கறுப்பு டேப் ஒட்டித் தரட்டுமா?"

தர்மிகா தலையை மட்டும் ஆட்டினாள்.

சித்தியின் பிளாட்டுக் கதவு மணியில் கமெரா இருந்தது. மணியை அழுத்தினால் துஷாந்தனின் போனில் படம் விழும். தர்மிகா சாப்பாட்டுப் பையை அதற்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"ஹலோ சித்தப்பா! அம்மா சாப்பாடு தந்துவிட்டவ!"

கதவு மூடியதும் அவள் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது. குசினிக்குள் போய்ப் பையைக் கவிழ்த்தாள். பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் நிரம்பிய பெட்டிகளுக்குக் கீழே கறுப்புப் பெட்டி கிடந்தது.

சிவரூபினி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு அதை எடுத்தாள். "இதுக்குள்ளயோ இன்டர்நெட் இருக்கு?"

"ஓம். ஐபாட்டைக் கொண்டுவாங்கோ."

பெட்டிக்கு முதலில் சிக்னல் பிடிக்கவில்லை. மேசையில் வைத்தார்கள், பிரிட்ஜுக்கு மேலே வைத்தார்கள். கடைசியில் குசினி ஜன்னல் ஓரத்தில், கழுவும் திரவப் போத்தலுக்குப் பின்னால் வைத்தபோது ஐபாட்டில் வைஃபை அடையாளம் ஏறியது. மெசஞ்சரின் பழைய வேர்ஷன் ஒன்று மெல்ல மெல்ல இறங்கியது. வட்டம் நிறைவதையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே கடையில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

பாஸ்வேர்ட் சிவரூபினிக்கு மறக்கவில்லை. உள்ளே போனதும் லதீசனின் பெயர் மேலே நின்றது. அவன் கடைசியாக அனுப்பிய செய்தி ஒரே ஒரு சொல்.

"அக்கா."

அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எடுக்கட்டோ?" என்று அவள் கேட்டாள். மூன்று வருடத்துக்கு முன்பு கலியாணமாகி இந்த நாட்டுக்கு வந்த பெண், தன் தம்பியோடு கதைக்கப் பெறாமகளிடம் அனுமதி கேட்டாள்.

"எடுங்கோ சித்தி. இது உங்கட."

நீண்ட நேரம் அடித்தது. பிறகு படம் வந்தது. முதலில் ஓட்டுக் கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. போன் திரும்பியது. லதீசன்.

அவன் தலை மழித்திருந்தது. மீசையும் இல்லை. புதிதாக முளைத்த மயிர் மண்டையில் சாம்பல் பூசியது போலத் தெரிந்தது.

சிவரூபினி அதைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கியது. விளங்கியதை அவள் ஏற்கவில்லை. எவ்வளவோ காரணத்துக்கு மனிதர் தலை மழிக்கிறார்கள்.

"தம்பி" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "எந்தக் கோயிலுக்கு முடி குடுத்தனீ?"

லதீசனின் கண்கள் திரையில் அவளுக்குப் பின்னால் யாரையோ தேடின.

"அக்கா... அத்தான் இல்லையோ பக்கத்தில?"

"இல்லை. எந்தக் கோயில்? அம்மாவுக்காக நேர்த்தி வைச்சனியோ? வல்லிபுரமோ?"

"அத்தான் உனக்கு இன்னும் சொல்லேல்லையோ?"

தர்மிகா சித்தியின் தோளைப் பிடித்தாள். தோள் மரக்கட்டை போலிருந்தது.

"ஐயோ, நான் எடுத்திருக்கக் கூடாது" என்று லதீசன் பதறினான். "அத்தான் மெல்லமாச் சொல்லுறன் எண்டவர். அக்கா, நீ முதல்ல இரு. தண்ணி குடி. பிள்ளைக்கு ஏதும் ஆகிப்போடும். நான் வைக்கிறன்."

"வையாதை! எந்தப் பிள்ளை?"

"உன்ர பிள்ளைதான். வயித்தில இருக்கிறது. டொக்டர் உன்னைப் படுக்கையில இருக்கச் சொல்லியிருக்கிறார், அதிர்ச்சி ஒண்டும் குடுக்கக் கூடாது, போனும் எடுக்கவேண்டாம் எண்டு அத்தான் சொன்னவர். அதாலதான் அக்கா நாங்கள் எடுக்கேல்லை. ஒரு நாள் மட்டும் மனம் பொறுக்காமல் உன்ர பேரை எழுதிப்போட்டன். பிறகு அதுக்கும் பயந்துகொண்டிருந்தனான்."

சிவரூபினி கையில் பிடித்திருந்த ஐபாட்டை இன்னும் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். தம்பிக்கு ஒரு சொல்லும் தவறிவிடக்கூடாது என்பது போல.

"லதீசன், வடிவாக் கேள். என்ர வயித்தில பிள்ளை ஒண்டும் இல்லை. எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. என்ர போனை அந்த மனிசன் பறிச்சு வைச்சிருக்கு. அம்மா எங்களை விட்டுப் போட்டா எண்டு எனக்கு இப்ப, உன்ர தலையைப் பார்த்துத்தான் தெரியும்."

படம் நின்றுவிட்டது என்று தர்மிகா நினைத்தாள். ஆனால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. லதீசன் அசையாமல் இருந்தான். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிவது பிறகுதான் தெரிந்தது.

"நான் அதை அம்மாட்டச் சொல்லிப்போட்டன்" என்றான். "ஆஸ்பத்திரியில வைச்சு."

"என்னத்தை?"

"பிள்ளை விஷயத்தை. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தவ. ரூபி எப்ப வாறாள், ரூபி எப்ப வாறாள் எண்டு. நான் சொன்னனான். அதுக்குப் பிறகு கேட்கேல்லை. அவளை அலைக்கழிக்காதை, அவள் படுக்கட்டும் எண்டு சொன்னவ. முகம் அப்பிடிச் சந்தோஷமா இருந்தது அக்கா."

சிவரூபினி அழவில்லை. குசினி மேசையின் விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி நின்றாள். அம்மா சந்தோஷமாகப் போயிருக்கிறார். ஒரு பொய்யை நம்பிக்கொண்டு, அவளைக் கேட்பதையே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். இதில் எதற்கு முதலில் அழுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தியேட்டி எப்ப?"

"வாற வியாழன், முப்பத்தொண்டாம் நாள். கீரிமலையில."

"நான் வாறன்."

"அக்கா, அத்தான் விடுவாரோ..."

"நான் வாறன் எண்டு சொல்லுறன்."

படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. மழித்த தலையும் பாதி திறந்த வாயும் அப்படியே திரையில் கிடந்தன. தர்மிகா ஜன்னலுக்கு ஓடிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இணைப்புத் திரும்பவில்லை.

சிவரூபினி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்.

"தர்மிகா, போன கிழமையும் கொம்மா மரக்கறிதானே தந்துவிட்டவ?"

"ஓம். இந்த மாசம் முழுக்க அப்பிடித்தான். ஏன் சித்தி?"

"அதுக்கு முதல் ஒவ்வொரு கிழமையும் மீன் குழம்பு வரும். செத்தவீட்டுத் துடக்குக்குள்ள நான் மீன், இறைச்சி, மச்சம் ஒண்டும் தின்னக்கூடாது எண்டு கொம்மா பார்த்திருக்கிறா. எனக்குத் தெரியாட்டியும் என்ர வாய்க்குள்ள மச்சம் போகக்கூடாது எண்டு பார்த்திருக்கிறா."

தர்மிகா தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தாய்க்கு அடித்தாள்.

"எங்கயடி நிக்கிறாய்? சாப்பாடு குடுத்தாச்சோ?" என்று பாலாம்பிகையின் குரல் கேட்டது.

"அம்மா, சித்தியின்ர அம்மா செத்தது உங்களுக்குத் தெரியுமோ? யெஸ் ஓர் நோ."

பின்னால் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"அம்மா!"

"துஷாந்தன் தானே சொல்லுறன் எண்டவன் பிள்ளை. நான் என்ன செய்யுறது? கொப்பாவும் தலையிடாதை எண்டு சொல்லிப்போட்டார்."

சிவரூபினி போனைக் கையில் எடுத்தாள். "அக்கா, நான்தான் கதைக்கிறன்."

"ரூபி..." பாலாம்பிகையின் குரல் உடைந்தது. "என்னைக் குறை நினையாதை ராசாத்தி. நீ போனால் திரும்பி வரமாட்டாய் எண்டு அவன் பயந்துபோனான். நீயும் அண்டைக்கு அவனோட சண்டையில அப்பிடித்தானே சொன்னனீ. குடும்பம் பிரிஞ்சிடும் எண்டு எங்களுக்கும் பயம். நான் ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கேக்குள்ள உன்ர அம்மாவை நினைச்சனான்."

"நீங்கள் நினைச்சனீங்கள். என்னை நினைக்க விடேல்லை."

அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. சிவரூபினி அது முடியும்வரை காத்திருக்கவில்லை.

"அக்கா, என்ர பாஸ்போர்ட்டைத் தேடாத இடமில்லை. இந்த வீட்டில இல்லை. எங்க இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது.

"அக்கா."

"இஞ்சதான் இருக்கு" என்றாள் பாலாம்பிகை மெதுவாக. "துஷாந்தன் கொண்டுவந்து தந்தவன். எங்கட அறை அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிருக்கு. திறப்பு இவரிட்ட. இவர் கடையால வந்தால் என்னை விடமாட்டார் ரூபி..."

"வியாழக்கிழமை அந்தியேட்டி அக்கா. நான் கொள்ளி வைக்கக் கேட்கேல்லை. சாம்பல் கரைக்கேக்குள்ள நிண்டால் போதும்."

பாலாம்பிகை ஏதோ சொன்னாள். விளங்கவில்லை. போன் வைக்கப்பட்டது.

தர்மிகா தன் ஜாக்கெட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவசரத்தில் ஜிப் ஏறவில்லை. "என்னோட வாங்கோ சித்தி. இப்பவே. சித்தப்பா வாறதுக்கிடையில வெளிக்கிடுவம்."

"எங்க போறது? பாஸ்போர்ட் வைச்சிருக்கிற உங்கட வீட்டுக்கோ?"

தர்மிகா ஜிப்பை விட்டுவிட்டுச் சித்தியைப் பார்த்தாள்.

"நீ போ. அம்மா தனிய இருக்கேக்குள்ள போ. உன்னட்டை அவ இல்லை எண்டு சொல்லமாட்டா, திறப்பை எப்பிடியும் எடுத்துத் தருவா. பாஸ்போர்ட் கையில வந்த பிறகு நான் இந்தப் படியால இறங்கிறன்."

"சித்தப்பா உங்களை ஏதும்..."

"அவர் கை நீட்டிறவர் இல்லை. உனக்குத் தெரியும்தானே. அவர் நல்ல மனிசன் எண்டுதானே எல்லாரும் சொல்லுறது."

தர்மிகா மெசஞ்சரில் தன் பெயரை மேலே வைத்துக் காட்டினாள். ஒரு எழுத்து அனுப்பினாலும் போதும், அடுத்த நிமிடம் பொலிஸுக்கு அடிப்பேன் என்றாள். கறுப்புப் பெட்டியைச் சார்ஜரில் செருகி, போத்தலுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். வாசலில் ஒருமுறை சித்தியைக் கட்டிப்பிடித்தாள். பிறகு படியிறங்கி பஸ் தரிப்பிடத்தை நோக்கி ஓடினாள். கமெரா அதையும் எடுத்திருக்கும்.

சிவரூபினி குளியலறைக்குப் போனாள். சுடுதண்ணிக் குழாயைத் தொடவில்லை. வாளியைப் பச்சைத் தண்ணீரால் நிரப்பி, உடுத்த சேலையோடு குந்தியிருந்து தலையில் ஊற்றினாள். முதல் வாளிக்கு மூச்சு அடைத்தது. இரண்டாவது வாளியில்தான் அழுகை வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. "அம்மா, நான் படுத்திருக்கேல்லை அம்மா" என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். இத்தனை நாளும் தான் சமைத்ததும், சாப்பிட்டதும், வெள்ளிக்கிழமையில் அம்மா சுகப்பட வேண்டுமென்று சாமிப்படத்துக்குப் பூ வைத்ததும் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. பூ வைத்த அன்றைக்கு அம்மா இருந்தாரா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

உடுப்பு மாற்றிக்கொண்டு, தலையைத் துவட்டாமல், இருக்கும் அறையில் சோபாவை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கவில்லை. சோறு போடவில்லை.

துஷாந்தன் வழக்கத்தைவிட முந்தி வந்தான். கதவில் திறப்பு திரும்பும் சத்தம், சப்பாத்துக் கழற்றும் சத்தம். பிறகு அவன் மெல்லிய குரல்.

"தர்மிகா இண்டைக்குக் கனநேரம் நிண்டிருக்கிறாள் போல. ஓடிப்போற மாதிரிப் போறாள். என்ன விஷயம்?"

அறைக்குள் வந்தவன் அவளைப் பார்த்து நின்றான். கூந்தலிலிருந்து கார்பெற்றில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன நீர், இந்தக் குளிருக்குள்ள முழுகியிருக்கிறீர்? தடிமன் பிடிக்கப்போகுது."

அவனே போய் ஒரு துவாயை எடுத்துக்கொண்டு வந்தான். அவளுக்குப் பக்கத்தில் குனிந்து, தலையைத் துவட்டப் போனான். மூன்று வருடமாக வெளியார் பார்த்து மெச்சும் அதே அன்பு. சிவரூபினி தலையை விலக்கினாள்.

"தொடாதையுங்கோ. துடக்கு."

துவாய் அந்தரத்தில் நின்றது.

"துடக்கோ?" அவன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "ஆர் செத்தது?"

அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு நேரம் அவள் அவனை நேரே பார்த்ததில்லை.

"அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லவேணும்" என்றாள். "சொல்லுங்கோ. ஆர் செத்தது?"